கமிட் எரர்: கிட் எதற்காக மறுக்கிறது?

"அண்ணா, கிட்ல கமிட் எரர் வருது" என்று யாராவது ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால், அது கமிட் எரர்தானா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். (கிட் என்பது புரோகிராம் கோப்புகளில் செய்யும் மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைக்கும் மென்பொருள், அப்படிப் போடும் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட்.) பல நேரம் இருக்காது. கமிட் நன்றாகவே முடிந்திருக்கும், அதற்கு அடுத்த வேலை எங்கேயோ முட்டிக்கொண்டு நிற்கும். இல்லையென்றால் கமிட் இன்னும் தொடங்கவே இல்லை, எடிட்டர் வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டதால் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் சுற்றி வருகிறது: "ஃபோல்டரை அழிச்சிட்டு மறுபடி குளோன் பண்ணு." சேலத்துக் கல்லூரி லேப்களில் சீனியர்கள் ஜூனியர்களுக்குக் கைமாற்றும் வைத்தியம் இது. (சர்வரில் இருப்பதைப் புதிதாகக் காப்பி இறக்கிக்கொள்வதுதான் குளோன்.) இதைவிட ஆபத்தான யோசனை கிடையாது. சர்வருக்கு இன்னும் போகாத கமிட் எல்லாம் அந்த ஃபோல்டருக்குள்தான் இருக்கிறது.

கிட் காரணம் இல்லாமல் மறுப்பதில்லை. என்ன, யார், எங்கே என்ற மூன்று கேள்விகளில் ஏதோ ஒன்றுக்குப் பதில் கிடைக்காமல்தான் பெரும்பாலும் நிற்கும். எதற்குக் கிடைக்கவில்லை என்று தெரிந்துகொள்வதுதான் இந்தக் கட்டுரை. (கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

## லாரி ஆபீசில் ரசீது போடுவது

செவ்வாய்ப்பேட்டையில் லீ பஜார் பக்கத்து லாரி ஆபீஸ் ஒன்றில் சரக்கு புக் செய்வதாக வைத்துக்கொள்வோம். குடோனில் எத்தனையோ மூட்டை கிடக்கும். இன்றைக்குப் போக வேண்டியதை மட்டும் எடுத்து எடைமேடையில் வைக்கிறோம். கிளார்க் அனுப்புகிறவர் யார், சரக்கு என்ன என்று கேட்டு ரசீது எழுதி நம்பர் போடுகிறார். மேடை காலியாக இருந்தால் ரசீது எழுத மாட்டார், பெயர் சொல்லாவிட்டாலும் எழுத மாட்டார். அப்புறம், ரசீது எழுதியாயிற்று என்பதால் சரக்கு ஊர் போய்ச் சேர்ந்துவிடாது; லாரி ராத்திரிதான் கிளம்பும்.

இப்போது கிட்டுக்கு வருவோம். நீங்கள் வேலை செய்யும் ஃபோல்டர்தான் குடோன். எடைமேடைக்கு ஸ்டேஜிங் என்று பெயர்: அடுத்த கமிட்டில் எதெல்லாம் போக வேண்டும் என்று கிட் ஆட் கட்டளையால் நீங்கள் ஒதுக்கி வைக்கும் இடம். ரசீதுதான் கமிட். லாரி கிளம்புவது புஷ், அதாவது உங்கள் கணினியில் இருக்கும் கமிட்டுகளை கிட்ஹப் போன்ற சர்வருக்கு அனுப்புவது.

இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் குழப்பத்தில் பெரும்பங்கு அங்கேயே தீர்ந்துவிடும். "கமிட் பண்ணிட்டேன், ஆனா கிட்ஹப்ல காணோம்" என்கிறவர் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு போய்ச் சேர வேண்டிய ஊரில் மூட்டையைத் தேடுகிறார், அவ்வளவுதான்.

## கமிட்டுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது

லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கியது 2005 ஏப்ரலில். லினக்ஸ் கெர்னல் குழு அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பர் என்ற மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்த முடியாத நிலை வந்ததுதான் காரணம். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆட்களுக்காகச் செய்தது என்பதால், ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்க வேண்டும், எழுதி வைக்க யாரிடமும் அனுமதி கேட்கக் கூடாது என்ற கணக்கில் அமைந்தது. அதனால்தான் கமிட்டுக்கு இணையம் தேவையே இல்லை. ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டும்போது போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லாவிட்டாலும் கமிட் தாராளமாக நடக்கும், உங்களுக்குத் தலை சுற்றாமல் இருந்தால் சரி. கமிட் நிற்கும்போது "நெட் ஸ்லோ" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு கமிட்டில் இருப்பவை கொஞ்சம்தான். ஸ்டேஜிங்கில் அந்த நொடியில் இருந்த எல்லாக் கோப்புகளின் நிலை, முந்தைய கமிட் எது என்ற குறிப்பு, எழுதியவர் பெயரும் மின்னஞ்சலும், நேரம், நீங்கள் எழுதிய செய்தி. இவை அத்தனையையும் சேர்த்துக் கணக்கிட்டு கிட் ஒரு நம்பர் போடுகிறது. அந்த நம்பருக்கு ஹாஷ் என்று பெயர், பொதுவாக 40 எழுத்து நீளம். உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் மொத்தமாக மாறிவிடும். ஆகவே எழுதின கமிட்டை யாராலும் திருத்த முடியாது. திருத்துவது போல் தோன்றும் அமெண்ட் என்ற வசதிகூட புதுசாக ஒன்றை எழுதிவிட்டுப் பழையதை ஒதுக்கி வைக்கிறது.

இதுவரை பார்த்ததன் சாரம்: கமிட் என்பது உங்கள் கணினிக்குள்ளேயே எழுதப்படும் ஒரு பதிவு. எழுத என்ன, யார், எங்கே என்ற மூன்றும் வேண்டும். இனி எரர்களை அந்த வரிசையிலேயே பார்க்கலாம்.

## "என்ன" என்பதில் வரும் தடங்கல்

எரர் எதுவாக இருந்தாலும் முதல் வேலை கிட் ஸ்டேட்டஸ் அடிப்பது. அது எதையும் கெடுக்காது, பார்த்துச் சொல்வதோடு சரி. அது சொல்வதில் மூன்று வரிகள் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் மூன்றும் வேறு வேறு.

"நத்திங் டு கமிட், ஒர்க்கிங் ட்ரீ கிளீன்" என்றால், கடைசி கமிட்டுக்குப் பிறகு எதுவுமே மாறவில்லை என்று கிட் நினைக்கிறது. நீங்களோ ஒரு மணி நேரமாக மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியானால் எடிட்டரில் சேவ் செய்யவில்லை, அல்லது அதே புராஜெக்ட்டின் இன்னொரு காப்பியில் வேலை செய்கிறீர்கள் (டெஸ்க்டாப்பில் "ஃபைனல்", "ஃபைனல் 2" என்று வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்), அல்லது அந்தக் கோப்பு கிட்இக்னோர் பட்டியலில் இருக்கிறது. கிட்இக்னோர் என்பது கிட் கண்டுகொள்ள வேண்டாத கோப்புகளின் பெயர்ப்பட்டியல். எந்த வரி உங்கள் கோப்பை மறைக்கிறது என்று கிட் செக்-இக்னோர் -வி என்று அடித்துக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் சொல்லிவிடும். காலி ஃபோல்டரை கிட் கணக்கிலேயே எடுக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"நோ சேஞ்சஸ் ஆடட் டு கமிட்" என்றால் மாற்றம் இருக்கிறது, மேடைக்கு வரவில்லை. கிட் ஆட் போதும்.

"அன்ட்ராக்ட் ஃபைல்ஸ்" என்று வந்தால் கிட் இதுவரை பார்த்தே இராத புதுக் கோப்பு அங்கே இருக்கிறது. கிட் கமிட் -ஏ என்று ஒரேயடியாக அடித்துப் பழகியவர்கள் இதில்தான் மாட்டுவார்கள், ஏனென்றால் அந்த -ஏ, ஏற்கெனவே கிட்டுக்குத் தெரிந்த கோப்புகளை மட்டும்தான் எடுக்கும். புதுக் கோப்பு வெளியிலேயே நிற்கும், உங்கள் கணினியில் புரோகிராம் ஓடும், டீமில் மற்றவர்கள் கணினியில் ஓடாது.

இனி, எரர் என்றே வராமல் ஏமாற்றும் ஒன்று. லாரி ஆபீஸ் உதாரணம் இந்த இடத்தில் உதவாது, அதை இங்கேயே விட்டுவிடுங்கள். மூட்டையை மேடையில் வைத்தால் அதே மூட்டைதான் அங்கே இருக்கும். கிட் ஆட் அடித்தாலோ அந்த நொடியில் கோப்பு எப்படி இருந்ததோ அதன் நகல் ஒன்று உள்ளே போகிறது. வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு பில் போடும் புரோகிராம் எழுதுகிறீர்கள் என்று வைப்போம். கூலிக் கணக்கைத் திருத்தி கிட் ஆட் அடித்தீர்கள். அப்புறம் அதே கோப்பில் சேதாரக் கணக்கில் ஒரு தப்பு கண்ணில் பட்டு அதையும் திருத்தி, நேராக கமிட் அடித்தீர்கள். கமிட் சத்தமில்லாமல் முடியும். உள்ளே கூலி திருத்தம் மட்டும் இருக்கும், சேதாரம் பழையபடியே. கமிட்டுக்கு முன்னால் ஸ்டேட்டஸ் பார்த்திருந்தால் அதே கோப்பின் பெயர் பச்சையில் ஒரு தடவையும் சிவப்பில் ஒரு தடவையும் வந்திருக்கும். புதியவர்கள் பலரும் அதை கிட்டின் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பச்சை உள்ளே போன நகல், சிவப்பு அதற்குப் பிறகு நீங்கள் செய்த திருத்தம். இன்னொரு தடவை கிட் ஆட் அடித்துவிட்டு கமிட் செய்ய வேண்டும்.

விஎஸ் கோட் எடிட்டர் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையில் ஒன்றுமில்லாமல் கமிட் பொத்தானை அழுத்தினால், எல்லாவற்றையும் ஸ்டேஜ் செய்து கமிட் செய்துவிடவா என்று அது கேட்கும். அதில் "ஆல்வேஸ்" கொடுத்துவிட்டால் ஸ்டேஜிங் என்று ஒரு கட்டம் இருப்பதே மறந்துபோகும், அப்புறம் ஒருநாள் பாஸ்வேர்டு எழுதிய கோப்பும் சேர்ந்து போகும். என் கருத்து: பழகும் வரைக்கும் ஆல்வேஸ் வேண்டாம்.

## "யார்" என்பதில் வரும் தடங்கல்

புதுக் கணினியில் முதல் கமிட் அடித்ததும் "ப்ளீஸ் டெல் மீ ஹூ யூ ஆர்" என்று வரும். பெயரும் மின்னஞ்சலும் இல்லாமல் ரசீது எழுத முடியாது என்கிறது. கிட் கான்ஃபிக் கட்டளையில் யூசர்.நேம், யூசர்.ஈமெயில் இரண்டையும் கொடுத்துவிட்டால் முடிந்தது, வழியை அந்த எரரே கீழே எழுதிக் காட்டும்.

இங்கே பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. இந்தப் பெயரும் மின்னஞ்சலும் லாகின் என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது, வெறும் எழுத்து. நீங்கள் என்ன எழுதினாலும் கிட் அப்படியே போட்டுக்கொள்ளும், சரிபார்க்காது. கிட்ஹப்பில் நுழையும் உரிமை தனி விஷயம், அது புஷ் செய்யும்போதுதான் கேட்கப்படும். (அங்கேயும் கணக்கின் பாஸ்வேர்டு 2021 ஆகஸ்ட் 13 முதல் செல்லாது, டோக்கன் அல்லது எஸ்எஸ்ஹெச் சாவி வேண்டும்.)

கல்லூரி லேபில் நடப்பதோ நேரெதிர். எரரே வராது. முந்தைய பேட்ச் மாணவர் யாரோ குளோபல் என்று சேர்த்து அவர் பெயரைப் போட்டுவிட்டுப் போயிருப்பார், நீங்கள் எழுதியதெல்லாம் அவர் பெயரில் பதிவாகும். பொதுக் கணினியில் குளோபல் என்ற சொல்லை விட்டுவிட்டு, உங்கள் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு கான்ஃபிக் அடித்தால் அந்த ஒரு புராஜெக்ட்டுக்கு மட்டும் உங்கள் பெயர் பொருந்தும். கடைசி கமிட் ஏற்கெனவே தவறான பெயரில் போய்விட்டதா? பெயரைச் சரிசெய்த பிறகு கிட் கமிட் --அமெண்ட் --ரீசெட்-ஆதர். ஆனால் புஷ் செய்வதற்கு முன்னால் மட்டும்.

## செய்தி எழுதும் இடத்தில் மாட்டுவது

கிட் கமிட் -எம் கூலி திருத்தம் என்று மேற்கோள்குறி இல்லாமல் அடித்தால், "பாத்ஸ்பெக் திருத்தம் டிட் நாட் மேட்ச் எனி ஃபைல்" என்று வரும். பாத்ஸ்பெக் என்றால் கோப்பின் பெயரைக் குறிக்கும் சொல். அதாவது கிட் "கூலி" என்பதை மட்டும் செய்தியாக எடுத்துக்கொண்டு, "திருத்தம்" என்று ஒரு கோப்பைத் தேடுகிறது. இரட்டை மேற்கோள்குறிக்குள் போடுங்கள். விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஒற்றை மேற்கோள்குறி வேலை செய்யாது, வேர்டு கோப்பிலிருந்து எடுத்து ஒட்டிய வளைந்த குறியும் பல டெர்மினல்களில் காலை வாரும். எரர் கோப்பைப் பற்றிப் பேசுவதால் எல்லோரும் கோப்பிலேயே தப்பைத் தேடுவார்கள், தப்பு குறியில்.

-எம் இல்லாமல் வெறும் கமிட் அடித்தால் எடிட்டர் திறக்கும். அது விம் ஆக இருந்தால் தட்டுவது எதுவும் வராது, வெளியேறவும் முடியாது. ஐ எழுத்தைத் தட்டி, செய்தியை எழுதி, எஸ்கேப் அழுத்தி, முக்காற்புள்ளி (:) போட்டு டபிள்யூ க்யூ என்று தட்டி என்டர் கொடுங்கள். பயந்துபோய் செய்தி இல்லாமல் வெளியே வந்தால் "அபார்ட்டிங் கமிட் ட்யூ டு எம்ப்டி கமிட் மெசேஜ்" என்று வரும், மேடையில் வைத்தது அப்படியே இருக்கும். விம் பிடிக்காதவர்கள் கோர்.எடிட்டர் அமைப்பை மாற்றி வேறு எடிட்டர் வைத்துக்கொள்ளலாம், அதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை.

## "எங்கே" என்பதில் வரும் தடங்கல்

"நாட் எ கிட் ரெப்போசிட்டரி" என்றால் நீங்கள் நிற்கும் ஃபோல்டர் தவறு. ரெப்போசிட்டரி என்பது கமிட் வரலாறு முழுவதையும் வைத்திருக்கும் இடம், புராஜெக்ட்டுக்குள் .கிட் என்ற மறைவான ஃபோல்டராக அது இருக்கும். கிட் அதை இந்த ஃபோல்டரிலும் இதற்கு மேலே உள்ள ஃபோல்டர்களிலும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்கிறது.

இதைப் பார்த்ததும் கை தானாகவே கிட் இனிட் அடிக்கப் போகும். நிறுத்துங்கள், முதலில் சரியான ஃபோல்டருக்குப் போங்கள். தவறான இடத்தில் இனிட் அடித்தால் ஒரு ரெப்போசிட்டரிக்குள் இன்னொன்று முளைத்துவிடும். அப்புறம் வெளியே இருப்பதில் கிட் ஆட் அடிக்கும்போது "எம்பெடட் கிட் ரெப்போசிட்டரி" என்று மஞ்சளில் ஒரு எச்சரிக்கை வரும், யாரும் படிக்க மாட்டார்கள், கிட்ஹப்பில் அந்த ஃபோல்டரைத் திறக்கவே முடியாது. உள்ளே இருக்கும் .கிட் ஃபோல்டர் தெரியாமல் வந்ததுதான், அதில் வேறு வரலாறு எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு மட்டும் அதை நீக்கலாம். அதன்பின் கிட் ஆர்எம் --கேஷ்டு என்று அந்த ஃபோல்டரின் பதிவை எடுத்துவிட்டு மறுபடி ஆட் செய்ய வேண்டும்.

அடுத்தது பூட்டு. "இண்டெக்ஸ்.லாக் ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்" என்று வந்தால், இன்னொரு கிட் வேலை ஸ்டேஜிங்கில் எழுதிக்கொண்டிருப்பதாக அர்த்தம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதிக் குழப்பிவிடக் கூடாது என்பதற்காக கிட் எழுதத் தொடங்கும்போது இந்தக் கோப்பை உருவாக்கி, முடிந்ததும் நீக்கும். கரண்ட் போய் கணினி பாதியில் அணைந்தாலோ டெர்மினலைப் பட்டென்று மூடினாலோ நீக்க ஆள் இல்லாமல் பூட்டு கிடந்துவிடும். வேறு ஜன்னலில் கமிட் எடிட்டர் திறந்திருக்கிறதா, விஎஸ் கோட் பின்னால் ஏதாவது செய்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றால் .கிட் ஃபோல்டருக்குள் இருக்கும் அந்த ஒரு கோப்பை மட்டும் அழியுங்கள். .கிட் ஃபோல்டரையே அழித்துவிட்டு வந்து நிற்காதீர்கள், வரலாறு மொத்தமும் அதில்தான்.

சுருக்கமாக: "எங்கே" என்ற கேள்விக்கு ஃபோல்டர் சரியா, பூட்டு கிடக்கிறதா என்ற இரண்டைப் பார்த்தால் போதும். அழிக்கும் முன் எதை அழிக்கிறோம் என்று பெயரைப் படியுங்கள்.

## கிட் மறுக்கவில்லை, உங்கள் டீம் மறுக்கிறது

கமிட் அடித்ததும் பத்து இருபது வரி சிவப்பாக ஓடி, பயன்படுத்தாத வேரியபிள், விட்டுப்போன செமிகோலன் என்றெல்லாம் பேசினால் அது ஹூக். ஹூக் என்பது கமிட்டுக்கு முன்போ பின்போ தானாக ஓடும்படி வைத்திருக்கும் சிறிய புரோகிராம். உங்கள் டீமில் யாரோ "இந்தச் சோதனையில் தேறாத கோடு உள்ளே போகக் கூடாது" என்று வைத்திருக்கிறார்கள். --நோ-வெரிஃபை சேர்த்தால் அந்தச் சோதனையைத் தாண்டிவிடலாம் என்று இணையத்தில் எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். தாண்டலாம்தான். ஆனால் வேலை செய்யும் இடத்தில் அதைப் பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம். சிவப்பு வரிகளில் முதல் வரியைப் படித்தால் எந்தக் கோப்பு, எந்த வரி என்று அதிலேயே இருக்கும்.

மெர்ஜ், அதாவது இரண்டு பேரின் மாற்றங்களை ஒன்றாகச் சேர்க்கும் வேலை, பாதியில் நிற்கும்போதும் கமிட் மறுக்கப்படும்: "அன்மெர்ஜ்டு ஃபைல்ஸ்". நீங்களும் இன்னொருவரும் ஒரே வரியை வேறு வேறு விதமாக மாற்றியிருக்கிறீர்கள், எது வேண்டும் என்று கிட் கேட்கிறது. கோப்பைத் திறந்து அம்புக்குறி போட்ட பகுதிகளைச் சரிசெய்து, கிட் ஆட், பிறகு கமிட். குழப்பமாக இருந்தால் கிட் மெர்ஜ் --அபார்ட் அடித்து மெர்ஜுக்கு முந்தைய நிலைக்குப் போய்விடலாம்.

## கமிட் ஆனது, ஆனால் காணோம்

"டிட்டாச்ட் ஹெட்" என்பதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம். ஹெட் என்பது நீங்கள் இப்போது எந்த கமிட்டின் மேல் நிற்கிறீர்கள் என்ற குறிப்பு. வழக்கமாக அது மெயின் போன்ற ஒரு பிராஞ்சின் வழியாக இருக்கும். பிராஞ்ச் என்பது ஒரு கமிட் வரிசையின் கடைசி முனைக்கு வைத்த பெயர். பழைய கமிட் ஒன்றுக்கு நேராகத் தாவினால் பெயர் இல்லாமல் நிற்பீர்கள். அங்கேயும் கமிட் நடக்கும், ஆனால் மெயினுக்குத் திரும்பியதும் அந்த கமிட்டைக் காட்ட எந்தப் பெயரும் இருக்காது. கிட் ரீஃப்லாக் அடித்தால் ஹெட் நின்ற இடங்கள் எல்லாம் வரிசையாக வரும், ஹாஷை எடுத்து கிட் பிராஞ்ச் என்ற கட்டளையோடு ஒரு பெயர் கொடுத்தால் திரும்பக் கிடைத்துவிடும். இப்படிப் பெயரில்லாமல் போனவற்றின் குறிப்பை கிட் இயல்பாக 30 நாள் வரை வைத்திருக்கும், அதனால் அவசரமில்லை, அசட்டையாகவும் இருக்க வேண்டாம்.

## இது புஷ், கமிட் கிடையாது

கடைசியாக, கமிட் எரர் என்ற பெயரில் எனக்கு வந்து சேரும் புஷ் எரர்கள்.

"ரெஃப்ஸ்பெக் மெயின் டஸ் நாட் மேட்ச் எனி" என்றால் மெயின் என்ற பெயரில் உங்களிடம் பிராஞ்சே இல்லை: ஒன்று, இதுவரை ஒரு கமிட்கூட போடவில்லை; இல்லை, உங்கள் பிராஞ்சின் பெயர் மாஸ்டர். "ரிஜெக்டட்" என்று வந்து "ஃபெட்ச் ஃபர்ஸ்ட்" என்றால், சர்வரில் உங்களிடம் இல்லாத கமிட் ஒன்று இருக்கிறது, யாரோ உங்களுக்கு முன்னால் அனுப்பியிருக்கிறார்கள். புல் செய்து, அதாவது அந்த கமிட்டை சர்வரிலிருந்து இறக்கி, உங்களுடையதோடு சேர்த்துவிட்டு மறுபடி புஷ். இங்கே ஃபோர்ஸ் போட்டு வலுக்கட்டாயமாக அனுப்பினால் அவர் வேலை சர்வரிலிருந்து போய்விடும், அப்புறம் அவர் உங்களோடு பேச மாட்டார்.

பெரிய கோப்பு விவகாரம்தான் ரொம்ப நேரம் தின்பது. 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை கிட்ஹப் சாதாரண வழியில் ஏற்காது. பட்டறையின் டேட்டாபேஸ் பேக்கப் 300 எம்பி, அது தெரியாமல் கமிட்டில் போய்விட்டது, புஷ் மறுக்கப்பட்டது. சரி என்று கோப்பை அழித்து, அழித்ததையும் கமிட் செய்து, மறுபடி புஷ் அடித்தாலும் அதே எரர். அழித்த கோப்பு எப்படி இன்னும் இருக்கும் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். முந்தைய கமிட்டில் அது அப்படியே இருக்கிறது, புஷ் செய்தால் அந்த கமிட்டும் சேர்ந்துதான் போக வேண்டும். வழி இதுதான்: முதலில் கிட் ரீசெட் --சாஃப்ட் ஆரிஜின்/மெயின். இது கடைசியாக சர்வருக்குப் போன கமிட்டுக்கு உங்கள் பிராஞ்சைப் பின்னுக்கு நகர்த்தும், அதற்குப் பிறகு செய்த மாற்றங்கள் ஸ்டேஜிங்கிலேயே இருக்கும். பிறகு ஸ்டேட்டஸ் பாருங்கள். பெரிய கோப்பு பச்சையில் இருந்தால் கிட் ரீஸ்டோர் --ஸ்டேஜ்டு அடித்து மேடையிலிருந்து இறக்கி, அதன் பெயரை கிட்இக்னோரில் எழுதி, அந்தப் பட்டியலையும் ஆட் செய்து, எல்லாவற்றையும் ஒரே கமிட்டாகப் போட்டு புஷ் செய்யுங்கள். இடையில் போட்ட சின்னச் சின்ன கமிட்டுகள் ஒன்றாகச் சேர்ந்துவிடும், கல்லூரி புராஜெக்ட்டுக்கு அது பெரிய இழப்பில்லை. தனித்தனியாகவே வேண்டும் என்றால் கிட் ஃபில்டர்-ரெப்போ என்று தனியாக ஒரு கருவி இருக்கிறது. அதைத் தொடுவதற்கு முன்னால் மட்டும் ஃபோல்டரை முழுசாக வேறு இடத்தில் காப்பி எடுத்து வைத்துவிடுங்கள்.